பத்து நிமிடப் பாடத்துக்கு அஞ்சும் பேராசிரியர்கள்

இந்தியாவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அகரம் கற்பிக்க வருபவர் ஆசிரியர் பயிற்சி பெற்றிருத்தல் கட்டாயம். முதுகலை மாணவர்க்குப் பாடம் நடத்த வருபவருக்கு அத்தகைய கட்டாயம் ஏதுமில்லை. முதுகலைப் பட்டத்தோடு நெட் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ இருந்தால், மறுநாளே அவர் வகுப்பறைக்குள் நுழையலாம். ஆய்வு செய்யத் தெரிந்தவருக்குக் கற்பிக்கவும் தெரியும் என்பது நம் உயர்கல்வியின் மூடநம்பிக்கை. அதற்கான விலையை மாணவர் கொடுக்கின்றனர்.

இக்குறையைப் போக்கவே 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிக் கல்விப் பணியாளர் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. 2015இல் அவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆயின. 2023இல் மாளவியா மிஷன் பயிற்சி மையங்கள் ஆயின. பெயர்ப்பலகை மாறியதே தவிரப் பயிற்சியின் இயல்பு மாறவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் இப்பயிற்சிகளைப் பதவி உயர்வோடு பிணைத்துள்ளன. ஆகவே பங்கேற்பாளருக்கு வேண்டியது சான்றிதழ். நடத்துவோருக்கு வேண்டியது வருகைப்பதிவு. மாணவர் மையக் கற்பித்தல் என்னும் பொருளில் கருத்தாளர் ஒன்றரை மணிநேரம் விரிவுரை ஆற்றுகிறார். ஆசிரியர்கள் வாய்மூடிக் கேட்கின்றனர். இந்த முரண்பாடு ஒருவரையும் உறுத்துவதில்லை.

இதற்கு மாற்று உண்டு. 1970களின் இறுதியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உருவான கற்பித்தல் திறன் பயிலரங்கில் கருத்தாளர் என்றொருவர் மேடையேறுவதில்லை. நான்கு முதல் ஆறு ஆசிரியர்கள் ஒரு குழுவாகின்றனர். ஒவ்வொருவரும் பத்து நிமிடப் பாடம் ஒன்றை நடத்த, மற்றவர்கள் மாணவராக அமர்ந்து கற்கின்றனர்; பின்பு தாம் எங்கே புரிந்துகொண்டனர், எங்கே தவறவிட்டனர் என்பதைச் சொல்கின்றனர். திருத்திக்கொண்டு மீண்டும் நடத்த வேண்டும். ஒவ்வொருவருக்கும் மூன்று பாடங்கள்.

இப்பயிலரங்குக்கு ஆயத்தமாவதே ஒரு கல்வி. போர்ட் கொச்சியின் இயற்பியல் ஆசிரியர் ஒருவர் திருப்புத்திறனைக் கற்பிக்க எண்ணுகிறார் என்று கொள்ளலாம். கரையோரச் சீன வலை அவர் கண்முன்னே நிற்கிறது. அத்தனை பெரிய வலையைச் சிலர் மட்டுமே இழுத்து உயர்த்துவதற்குக் கயிறுகளில் தொங்கும் கற்கள் எவ்வாறு உதவுகின்றன என்பதே பாடம். நெம்புகோலின் வரலாறு, வகைகள், சமன்பாடுகள் அனைத்தையும் பத்து நிமிடத்தில் திணிக்க இயலாது. பாடத்தின் முடிவில் கற்பவரால் எதைச் செய்ய முடிய வேண்டும்? ஒரு கல்லைக் கழற்றினால் என்ன நேரும் என்று காரணத்தோடு சொல்ல முடிய வேண்டும். அதற்குத் தேவையற்ற யாவற்றையும் விலக்க வேண்டும். எதிரே அமர்பவர் மலையாள இலக்கிய ஆசிரியராக இருப்பின் இன்னும் நன்று: புரியாததைப் புரிந்ததாக நடிக்க அவருக்குத் தேவையில்லை. மட்டாஞ்சேரியில் கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் பேசும் வீடுகளிலிருந்து வந்து, ஆங்கிலத்தில் நடக்கும் பாடத்தைக் கேட்கும் மாணவர் நாள்தோறும் எங்கே திணறுகின்றனர் என்பதை அந்தச் சக ஆசிரியரின் குழப்பம் வெளிப்படுத்தும்.

இதற்கு எழும் முதல் மறுப்பு, நேரமில்லை என்பது. 21 நாள் அறிமுகப் பயிற்சிக்குக் கிடைக்கும் நேரம், மூன்று நான்கு நாள் பயிலரங்குக்கு மட்டும் எப்படி இல்லாமற்போகும்? உண்மையான தடை பதவிப்படிநிலை. பேராசிரியரின் பாடத்தில் குறை சொல்ல உதவிப் பேராசிரியர் தயங்குகிறார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமோ என்ற அச்சத்தில் கௌரவ விரிவுரையாளர் வாயே திறப்பதில்லை. இவர்களை ஓரறையில் அமர்த்திச் சகாக்கள் என்று அழைப்பதால் சமத்துவம் வந்துவிடாது.

கற்க மறுக்கும் ஆசிரியர் இன்று தோன்றியவர் அல்லர். சென்னை எழும்பூரின் ஆண் அநாதைகள் காப்பகப் பள்ளிக்கு 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளியிலும் நடத்த விழைந்தார். ஆசிரியர்கள் இசையவில்லை. எட்டு வயதளவிலான மாணவன் ஒருவனிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தார். அவன் நடத்திக் காட்டினான். சட்டாம்பிள்ளை இளைய மாணவர்க்குச் சொல்லிக்கொடுக்கும் திண்ணைப் பள்ளி வழக்கத்தை ஒத்த அம்முறை, ‘மதராஸ் முறை’ என்னும் பெயரில் இங்கிலாந்து வரை பரவியது. பதவியுடையோர் தட்டிக்கழித்ததை ஒரு சிறுவன் செய்தான்.

எனவே கோரிக்கைகள் மூன்று. முதல் வகுப்பை எடுக்கும் முன்பே ஒவ்வொரு புதிய ஆசிரியரும், கௌரவ விரிவுரையாளர் உட்பட, ஊதியத்துடன் இப்பயிலரங்கில் பங்கேற்க வேண்டும். துறைத்தலைவரும் பேராசிரியரும் முதலில் பாடம் நடத்தி, முதலில் விமர்சனம் பெற வேண்டும். அங்குச் சொல்லப்பட்ட எதுவும் பணி மதிப்பீட்டுக் கோப்புக்குள் நுழையக் கூடாது. இம்மூன்றும் இல்லையெனில் பயிலரங்கும் இன்னொரு சான்றிதழாகவே முடியும். மாணவரை ஆண்டுக்கு இருமுறை தேர்வுக்கு உட்படுத்தும் ஆசிரியர், பத்து நிமிடம் சக ஆசிரியர்முன் நிற்க மறுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.