துபாஷியை மட்டும் சொல்லிக் கொடுக்கும் படிப்பு

"பைத்தான் போதும், சி எல்லாம் பழைய கதை" என்று ஒரு பேச்சு நம் வட்டாரத்தில் சுற்றுகிறது. மத்தளம்பாறைக்கு ஜோஹோ வந்த பிறகு தென்காசி, இலஞ்சி, செங்கோட்டை வீடுகளில் பேரப்பிள்ளைகளின் கணினிப் படிப்பு அன்றாடப் பேச்சாகிவிட்டது. நல்லதுதான். ஆனால் ஒரு பயிற்சி நிலையத்தின் நோட்டீஸில் இதே வாக்கியத்தைக் கொட்டை எழுத்தில் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. இது பொய். கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லும் பொய்.

ஓய்வுக்குப் பிறகு பொழுதுபோக்காகப் பைத்தான் கற்றவன் நான். அந்த மொழியின் மேல் எனக்குப் பகை கிடையாது. விஷயம் என்னவென்றால், சி, ஃபோர்ட்ரான் மொழிகளில் எழுதியதை முன்கூட்டியே இயந்திரக் கட்டளையாக மாற்றி வைத்துவிடுவார்கள். கம்பைல் செய்வது என்பது அதுதான். பைத்தான் போன்ற ஸ்கிரிப்ட் மொழி, ஓடும்போதுதான் ஒவ்வொன்றாக அர்த்தம் பார்த்து வேலை வாங்கும். எழுத எளிது, பெருங்கணக்கு என்றால் மெதுவு. ஆகவே கனமான வேலையைக் கம்பைல் செய்த நிரலிடம் ஒப்படைத்துவிடும். இரண்டுக்கும் நடுவே நின்று, எண்ணை அங்குள்ள வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்து, விடையை இங்குள்ள வடிவத்தில் வாங்கி வரும் நிரலுக்கு ராப்பர் என்று பெயர்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு இது புதிதல்ல. நாங்கள் துபாஷி என்போம். கவர்னர் டூப்ளேயிடம் துபாஷியாக இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. எவ்வளவு கெட்டிக்காரர் என்பது அவருடைய நாட்குறிப்பைப் படித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் கப்பலேறிய துணியை நெய்தவர் பிள்ளையும் அல்ல, கவர்னரும் அல்ல. தறியில் உட்கார்ந்திருந்த நெசவாளி.

பைத்தானில் நெசவாளி யார்? பைத்தானே பெரும்பாலும் சி-யில் எழுதப்பட்டதுதான். நம்பை என்ற கணிதத் தொகுப்பில் சமன்பாடுகளைத் தீர்க்கச் சொன்னால், அது 1992-இல் வெளிவந்த லாபேக் என்ற தொகுப்பின் நிரல்களை அழைக்கிறது. லாபேக் எழுதப்பட்ட மொழி ஃபோர்ட்ரான். அம்மொழி 1957-இல் வெளிவந்தது. "பழைய கதை" என்கிறார்களே, அந்தப் பழைய கதைதான் இன்னும் கணக்குப் போடுகிறது.

நம் தமிழையே பாருங்கள். பைத்தானில் ஒரு படத்தின்மேல் எழுத்துப் பொறிக்க பில்லோ என்ற தொகுப்பு இருக்கிறது. 'தென்காசி' என்று எழுதினால், கணினியின் நினைவில் முதலில் 'த', அதன் பிறகுதான் ஒற்றைக்கொம்பு. கொம்பை எடுத்து 'த'வுக்கு முன்னால் நிறுத்துவது ஹார்ஃப்பஸ் என்ற, சி++ மொழியில் எழுதிய நூலகம். பில்லோவுக்கு அது எட்டாவிட்டால் கொம்பு பின்னால் போய் 'ன'வை ஒட்டிக்கொள்ளும். ஊர்ப் பெயரே சிதைந்துவிடும். நீங்கள் இதை ஆண்ட்ராய்டு கைபேசியில் படித்தால், இந்த எழுத்துகளை ஒழுங்காக அடுக்கித் தருவதும் அதே ஹார்ஃப்பஸ்தான். பைத்தான் மட்டும் படித்த பையன் சிதைந்த எழுத்தைப் பார்த்து, ஃபான்ட்டை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு வாரத்தைக் கழிப்பான்.

துபாஷி தவறினால் என்ன ஆகும்? பிரெஞ்சுப் பள்ளியில் தசமத்துக்குக் கமா போடுவோம். 1,500 என்றால் எங்களுக்கு ஒன்றரை. ஆங்கிலக் கணக்கருக்கு ஆயிரத்து ஐந்நூறு. எழுத்து ஒன்றே, தொகை வேறு. ராப்பரிலும் இதே ஆபத்து உண்டு. பைத்தானின் சிடைப்ஸ் வழியாக சி நூலகத்திடம் 2-இன் வர்க்கமூலம் கேளுங்கள். வரப்போவது தசம எண் என்று முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால், முழு எண் என்றே எடுத்துக்கொண்டு சம்பந்தமில்லாத ஏதோ ஒரு எண்ணை நீட்டும். பிழைச் செய்தி எதுவும் வராது. மூலத்தைப் புரட்டத் தெரியாதவன் அந்த எண்ணைத்தான் அறிக்கையில் எழுதுவான்.

"கார் ஓட்ட இன்ஜின் தெரிய வேண்டுமா, ஐயா?" என்று கேட்பார்கள். ஐந்தருவியில் குளிக்க வருகிறவருக்கு மேலே மலையில் மழை பெய்கிறதா என்ற கவலை வேண்டாம்தான். ஆனால் நீரின் வேகம் கூடியதும் எல்லோரையும் வெளியேற்றுகிற காவலருக்கு அது தெரிய வேண்டும். நம் பிள்ளைகள் குளிக்கவா போகிறார்கள்? அருவிக்குக் காவல் நிற்கப் போகிறார்கள். அதற்குத்தான் சம்பளம்.

எல்லோரும் லாபேக் எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பத்து வரியில் ஒரு சி நிரல் எழுதி, ஜிசிசி கொண்டு கம்பைல் செய்து, பைத்தானிலிருந்து ஒருமுறை அழைத்துப் பார்க்கட்டும். ஜிசிசி இலவசம். சி-யின் அடிப்படை தெரிந்தவனுக்கு ஒரு பிற்பகல் போதும். அந்தப் பிற்பகலைக்கூடப் பாடத்திட்டத்தில் ஒதுக்காதவர்கள் ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே நண்பர்களே, பேரனையோ பேத்தியையோ சேர்த்துவிடப் போகும்போது, பென்ஷன் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன், "பைத்தானுக்கு அடியில் இருக்கிறதையும் சொல்லித் தருவீர்களா, தம்பி?" என்று கேளுங்கள். அது தேவையில்லை என்று பதில் வந்தால், பணத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.