மிதித்தது யார்?

எந்த ஊரில் நெரிசலில் ஆட்கள் செத்தாலும் மறுநாள் காலை டீக்கடையில் தீர்ப்பு தயாராக இருக்கும். "கூட்டம்னாலே மந்தைதான் சார், ஒருத்தன் ஓடினா எல்லாரும் ஓடுவான்." கொஞ்சம் படித்தவர் என்றால் 'மாப் மென்டாலிட்டி' என்பார். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் ஒரு நடிகரின் அரசியல் கூட்டத்தில் 41 பேர் இறந்தபோதும் இதைத்தான் கேட்டோம். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கே எதற்குப் போனார்கள், நடிகரைப் பார்க்காவிட்டால் சோறு இறங்காதா? கரூருக்கு யார் பொறுப்பு என்பதை விசாரணை சொல்லட்டும். என் சண்டை டீக்கடைத் தீர்ப்போடு. ஆயிரம் பேர் ஓரிடத்தில் நின்றால் ஆளாளுக்கு இருந்த புத்தி போய், எல்லோரும் சேர்ந்து ஒரே மிருகமாகிவிடுகிறார்கள் என்கிறது அது. பொய். அதிலும், தப்பிக்கக் கூடாத ஆளைத் தப்பவிடுகிற பொய்.

இதற்குப் படிப்பு வேஷம் கட்டிவிட்டவர் குஸ்தாவ் லெ பான் என்ற பிரெஞ்சுக்காரர். கூட்டங்களின் மனம் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1895இல் வந்தது. கூட்டத்தில் சேர்ந்தவன் வசியத்துக்கு ஆட்பட்டவனைப்போல ஆகிவிடுகிறான், பல படிகள் கீழே இறங்கிவிடுகிறான் என்றார். 1871இல் பாரீஸ் கம்யூன் என்ற மக்கள் எழுச்சியைப் பார்த்து அரண்டுபோன மேட்டுக்குடியின் பயம் அந்தப் பக்கங்களில் அப்படியே இருக்கிறது. கூட்டத்தில் நின்றவர்களிடம் போய் "ஏன் வந்தாய், என்ன நினைத்தாய்" என்று விசாரித்து எழுதியது அல்ல அது. முசோலினிக்கு மிகவும் பிடித்த புத்தகம் என்பதையும் சொல்லிவிடலாம்.

நெரிசலில் உண்மையில் என்ன நடக்கிறது? அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின் பல விபத்துகளை ஆராய்ந்து சொன்னது இது. ஒரு சதுர மீட்டரில் ஏழு பேர் அளவுக்கு நெருங்கிவிட்டால் அதன்பின் யார் காலும் யார் பேச்சையும் கேட்காது. கூட்டம் திரவம்போல ஆகிவிடும். ஒரு மூலையில் விழுகிற சின்னத் தள்ளல் அலையாகப் பரவி, ஆட்களைச் செருப்பை விட்டுத் தூக்கி பத்தடி தள்ளிக் கொண்டுபோய் வைக்கும். இரும்புக் கம்பித் தடுப்பே வளைந்துபோகிற அழுத்தம் அது. பெரும்பாலோர் மிதிபட்டுச் சாவதில்லை. நெஞ்சு விரிய இடமில்லாமல், மூச்சை உள்ளே இழுக்க முடியாமல், பலர் நின்ற நிலையிலேயே சாகிறார்கள். அந்த நேரத்தில் பத்து வரிசை பின்னால் இருப்பவருக்கு முன்னால் நடப்பது எதுவும் தெரியாது. வரிசை நகர்கிறது என்று நினைத்து அவர் ஒரு அடி எடுத்து வைக்கிறார். கூட்டத்துக்கு ஒரே மூளை இருந்திருந்தால் அந்த ஒரு அடி விழுந்திருக்காதே! முன்னே இருப்பவருக்கும் பின்னே இருப்பவருக்கும் தொடர்பே இல்லாத தனித்தனி ஆட்கள் என்பதால்தான் சாவு.

இந்தப் பொய்யின் முழு லட்சணத்தையும் பார்க்க இங்கிலாந்துக்குப் போக வேண்டும். 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானம். லிவர்பூல் ரசிகர்கள் நுழையும் வாசலில் நெருக்கடி முற்ற, போலீஸ் அதிகாரி 'சி' கேட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே வந்தவர்களுக்கு நேர் எதிரே தெரிந்தது ஒரு சுரங்கப்பாதை. அது போய் முடிந்த, ரசிகர்கள் நின்று பார்க்கும் இரண்டு கம்பியடைப்புகள் ஏற்கெனவே நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. பாதையை மறித்து ஆட்களை ஓரத்து அடைப்புகளுக்குத் திருப்பிவிட யாரும் நிற்கவில்லை. முன்னால் கம்பி வேலி. மொத்தம் 97 பேர் இறந்தார்கள். கடைசி ஆள் அன்றைய காயத்தின் விளைவாக 2021இல் இறந்தார். ரசிகர்களே கேட்டை உடைத்துக்கொண்டு வந்தார்கள் என்று அந்த அதிகாரி அன்றே பொய் சொன்னார். நாலு நாளில் 'தி சன்' பத்திரிகை ரசிகர்களைக் குடிகாரர்கள், பிணத்திடம் திருடியவர்கள் என்று முதல் பக்கத்தில் எழுதியது. நாடே நம்பியது. கால்பந்து ரசிகர் கூட்டம் என்றால் அப்படித்தானே இருக்கும்!

அந்த 'மிருகம்' அன்று செய்த வேலையையும் கேளுங்கள். விளம்பரப் பலகைகளைப் பெயர்த்து ஸ்ட்ரெச்சராக்கிக் காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடியது ரசிகர்கள்தான். நீதிபதி டெய்லர் அதே ஆண்டிலேயே, முக்கியக் காரணம் போலீஸ் கட்டுப்பாடு தவறியது என்று எழுதிவிட்டார். ஆனாலும் பழி போகவில்லை. 164 போலீஸ் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டது 2012இல்தான் வெளியே வந்தது. இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மேல் தப்பு இல்லை என்று ஜூரி சொன்னது 2016இல். இருபத்தேழு வருஷம்!

சியோலில் இட்டேவான் சந்தில் 2022 அக்டோபர் 29 இரவு நடந்த நெரிசலால் 159 பேர் இறந்தார்கள். நெரிசல் உச்சத்துக்குப் போகும் முன்பே, மாலை 6:34க்கு ஒருவர் போலீசுக்குப் போன் செய்து ஆட்கள் நசுங்கிவிடுவார்கள் என்று எச்சரித்திருந்தார். அதன் பிறகும் அழைப்புகள் வந்தன. புத்தியோடு பேசியது கூட்டம். காது கேளாமல் இருந்தது அதிகாரம். நம் சென்னையில், 2005 டிசம்பர் 18 அதிகாலை, எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரணம் வாங்க ஒரு பள்ளி வாசலில் காத்திருந்தவர்களில் 42 பேர் இறந்தார்கள். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று பேசியவர்களை எனக்குத் தெரியும். வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தவர் நிவாரணத்துக்கு நேரத்தோடு போய் நிற்பதில் என்ன பேராசை?

"அப்போ கலவரம் பண்ற கும்பல்?" என்று கேட்பீர்கள். கேளுங்கள், அங்கேதான் இந்த நம்பிக்கை இன்னும் அசிங்கமாகிறது. 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி மாவட்டத்தில் நத்தம் காலனியிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும் 200க்கு மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. வெறிபிடித்த கும்பல் கண்மூடித்தனமாக எரித்தது என்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு போனவர்களுக்கு எது தலித் தெரு என்று எப்படித் தெரிந்தது? தெரிந்து, தேர்ந்தெடுத்து, எரிபொருளோடு போன ஆட்களுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு. 'கும்பல்' என்றதும் அந்தப் பெயர்களெல்லாம் கரைந்துவிடுகின்றன. நெரிசல் என்றால் செத்தவர் தலையில் பழி. கலவரம் என்றால் கொளுத்தியவருக்கு மன்னிப்பு. இரண்டுக்கும் ஒரே சாக்கு.

யார் கூட்டம் என்பதைப் பொறுத்து இந்த அளவுகோல் வளைவதையும் பார்த்திருக்கிறோம். 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகத் திரண்ட பிள்ளைகள் குப்பை பொறுக்கியதையும் போக்குவரத்தைச் சீர்செய்ததையும் மெச்சாத வீடு இல்லை. 23ஆம் தேதி போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தத் தொடங்கியதும் 'சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டார்கள்' என்ற பேச்சு வந்தது. முந்தின நாள் வரை ஒரே நல்ல பிள்ளை, விடிந்ததும் ஒரே போக்கிரி. இலட்சம் பேரில் இலட்சம் மாதிரி ஆட்கள் இருப்பார்கள் என்று இரண்டு நாளும் யாரும் யோசிக்கவில்லை.

அடுத்த முறை நெரிசல் செய்தி வரும்போது கேட்க வேண்டியவை வேறு. இடம் எத்தனை சதுர மீட்டர்? வெளியேற எத்தனை வழி, எவ்வளவு அகலம்? இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று யார் எண்ணினார்கள்? முன்னால் நெருக்கடி என்று பின்னால் இருப்பவருக்குச் சொல்ல ஏற்பாடு இருந்ததா? ஹில்ஸ்பரோவுக்குப் பிறகு இங்கிலாந்தில் இந்தக் கேள்விகளைக் கேட்டார்கள். வேலிகளைப் பிடுங்கினார்கள், பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை என்று சட்டம் வந்தது. ரசிகர்கள் அதே பாட்டைப் பாடிக்கொண்டு, அதே பீரைக் குடித்துக்கொண்டு இன்றும் போகிறார்கள்.