பம்பருக்குக் கீழே ஒரு பலகை: நம் பிள்ளைகளின் கைத்திறன் எங்கே போகிறது?

பண்டிகைக் காலம் நெருங்கினால் போதும், நெடுஞ்சாலைகளில் ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் சோதனை கூடிவிடும். ஓரங்கட்டப்படும் கார்களில் சிலவற்றைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். சத்தம் போடும் எக்ஸோஸ்ட், கறுப்பு ஒட்டிய கண்ணாடி, முன் பம்பருக்குக் கீழே தரையைத் தொடுவதுபோல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கறுப்புப் பலகை.

அந்தப் பலகைக்கு ஸ்பிளிட்டர் என்று பெயர். கடையில் வாங்கிப் பொருத்துவோர் உண்டு. ஆனால் தோட்டப்புறங்களிலும் தாமான்களிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சுற்று வந்தால், வீட்டு முன்வாசலில் அதைத் தாங்களே செய்துகொண்டிருக்கும் இளைஞர்களையும் பார்க்கலாம். பழைய மைவி, சாகா கார். விளம்பரப் பலகைக் கடையில் மிஞ்சிய பிளாஸ்டிக் தகடு. அட்டையில் பம்பரின் வளைவை வரைந்து, அதைத் தகட்டில் வைத்து அறுத்து, மணல்தாள் போட்டுத் தேய்த்து, இரவுக்குள் பொருத்தியும் விடுகிறார்கள்.

பெற்றோர் சிலர் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். "படிக்கச் சொன்னால் காரைக் கட்டிக்கொண்டு அழுகிறான்" என்கிறார்கள். இன்னும் சிலர் அந்தக் காரை ஓட்டுபவனையே ரௌடி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இரண்டுமே அவசர முடிவுகள். அதே நேரத்தில், "என் கார், என் பலகை, உங்களுக்கென்ன?" என்று இளைஞர்கள் கேட்பதும் சரியல்ல. இதில் இரு தரப்பும் கவனிக்கத் தவறிய விஷயம் ஒன்று இருக்கிறது.

பலகை என்ன செய்கிறது?

ஓடும் காரின் மூக்கில் காற்று மோதித் தேங்குகிறது. அங்கே அழுத்தம் கூடுகிறது. பம்பரின் அடியில் ஒரு பலகை நீட்டிக்கொண்டிருந்தால், அந்த அழுத்தம் பலகையின் மேல் விழுந்து காரின் முன்பக்கத்தைச் சாலையோடு அமுக்குகிறது. பந்தயக் கார்கள் வளைவுகளில் வழுக்காமல் திரும்ப உதவுவது இந்த விசைதான்.

இனி நம் சாலைக்கு வருவோம். ஒன்றரை மீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் நீட்டம் கொண்ட பலகை என்று வைத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையின் உச்ச வேக வரம்பு 110 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்றின் முழு அழுத்தமும் பலகையின் மேல் விழுந்தால்கூடக் கிடைப்பது ஏறக்குறைய 8 கிலோ எடைக்குச் சமமான விசை. 55 கிலோமீட்டர் வேகத்தில் அது 2 கிலோவாகக் குறைந்துவிடும். வேகம் பாதியானால் விசை கால்பங்காகும் என்பது இயற்பியல். கார் ஏறக்குறைய ஆயிரம் கிலோ. முன்னிருக்கையில் ஒரு அரிசி மூட்டையை வைத்தாலே இதைவிட அதிக எடை கிடைத்துவிடும்.

பலகையின் அடிப்புறத்தில் ஏற்படும் உறிஞ்சு விசையும் இதோடு சேரும் என்பது உண்மை. ஆனால் அது நன்றாக வேலை செய்ய வேண்டுமானால் பலகை தரையை ஒட்டியே இருக்க வேண்டும். செப்பாங் பந்தயத் தடத்தில் அது முடியும். வேகத்தடையும் குழியும் செம்மண் பாதையும் உள்ள தோட்டச் சாலையில் முடியுமா?

அப்படியே வேலை செய்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. பின்னால் எதையும் மாற்றாமல் முன்பக்கத்தை மட்டும் அமுக்கினால் காரின் சமநிலை மாறுகிறது. அதிவேகத்தில் திடீரென்று தடம் மாறும்போது பின்சக்கரங்கள் பிடி விட இது வழி வகுக்கும். ஆகவே, சாதாரணச் சாலையில் ஓடும் காருக்கு ஸ்பிளிட்டர் அழகுப் பொருள் மட்டுமே. அழகுக்காகச் செய்வது குற்றமல்ல. வேகத்துக்காகச் செய்கிறோம் என்று நம்புவதுதான் ஏமாற்றம்.

ஆபத்து எங்கே?

காருக்கு அந்த 8 கிலோ ஒன்றுமே இல்லை. ஆனால் பலகையைப் பிடித்திருக்கும் இருபக்க ஒட்டுநாடாவுக்கும் கேபிள் டைக்கும் அது பெரிய சுமை. அது சும்மா நிற்கும் சுமையும் அல்ல. காற்றில் பலகை விடாமல் படபடத்துக்கொண்டே இருக்கும்.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏபிஎஸ் வகை பிளாஸ்டிக் ஒன்றரை மீட்டர் நீளத்தில், வெப்பம் 30 பாகை ஏறினால் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் நீளும். அதைப் பிடித்திருக்கும் இரும்பு அரை மில்லிமீட்டர்தான் நீளும். இறுக்கிப் பூட்டிய துளைகளைச் சுற்றி முதலில் மயிரிழை போன்ற விரிசல் விழுவது இதனால்தான்.

திங்கட்கிழமை வேகத்தடையில் ஒரு தட்டு. புதன்கிழமை கடை வாசல் கற்கட்டையில் ஒரு தட்டு. எதுவும் வெளியே தெரியாது. சனிக்கிழமை இரவு நெடுஞ்சாலையில் 110-இல் போகும்போது பலகை கழன்று பறக்கும். காருக்குள் இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. பின்னால் வருபவருக்கு?

நம் நாட்டில் கோவிட் முடக்கக் காலம் நீங்கலாக ஆண்டுக்கு ஆறாயிரம் பேருக்கும் மேல் சாலை விபத்துகளில் இறக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். இரவு ஷிப்ட் முடித்துத் தொழிற்சாலையிலிருந்து திரும்பும் அக்காவும், உணவு விநியோகம் செய்யும் தம்பியும் அந்தச் சாலையில்தான் வருகிறார்கள். பறந்து வரும் பிளாஸ்டிக் துண்டு அவர்களுக்கு அழகுப் பொருள் அல்ல.

சட்டம் என்ன பார்க்கிறது?

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும், வாகனங்களின் அமைப்பு, பயன்பாடு குறித்த 1959ஆம் ஆண்டு விதிகளும் இங்கே பொருந்தும். வாகனத்தின் அமைப்பையோ இயந்திரத்தையோ தன் விருப்பப்படி மாற்ற முடியாது. அதற்கு அனுமதி தேவை. வாகனத்தில் பொருத்தப்படும் எதுவும் மற்றவருக்கு ஆபத்தாக இருக்கக் கூடாது. கூர்மையான முனையோடு நீட்டிக்கொண்டிருக்கும், ஆடிக்கொண்டிருக்கும் பலகையைப் பார்த்து அதிகாரி சம்மன் எழுதினால் வாதாடுவது கடினம். சந்தேகம் இருந்தால் செய்வதற்கு முன்பே ஜேபிஜே முகப்பில் கேட்டுவிடுவது நல்லது. காரை விற்கும்போது பெயர் மாற்றத்திற்கான சோதனையும் காத்திருக்கிறது.

காப்புறுதியையும் மறக்கக் கூடாது. காரில் செய்த மாற்றத்தை நிறுவனத்திடம் தெரிவிக்காமல் இருந்தால், விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும்போது அதுவே சிக்கலாகலாம். நூறு வெள்ளிகூட ஆகாத பலகைக்காகப் பல ஆயிரம் வெள்ளியைப் பணயம் வைக்க வேண்டுமா?

செய்வதென்றால்

அனுமதி உண்டு என்று உறுதி செய்துகொண்டு செய்பவர்களுக்குச் சில வார்த்தைகள். விளம்பரப் பலகைக்குப் பயன்படும் நுரைத் தகடு சட்டென்று ஒடியும். அக்ரிலிக் துளையிட்ட இடத்திலேயே வெடிக்கும். பம்பர்கள் பெரும்பாலும் போலிபுரோப்பிலின் வகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. அது வளையும், எளிதில் உடையாது. ஆனால் அதில் பசையும் சாயமும் சரியாக ஒட்டாது என்பதால், போல்ட்டும் அகன்ற வாஷரும்தான் கைகொடுக்கும். பிளாஸ்டிக் நீள இடம் கொடுக்கும்படி துளைகளை நீள்வட்டமாக இட வேண்டும். பலகையின் சுமை பம்பர் கிளிப்பில் விழாமல் உள்ளேயிருக்கும் இரும்புச் சட்டத்துக்குப் போக வேண்டும். ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறைக்கக் கூடாது. முனைகளை உருண்டையாகத் தேய்க்க வேண்டும். நீட்டம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

இந்தப் பத்தியைப் படிக்கும் ஓர் ஆசிரியர் கவனித்திருப்பார். வெப்ப விரிவு, சுமை, அழுத்தம், பொருளியல்பு ஆகிய இவையெல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பவை. தேர்வில் இவற்றுக்கு விடை எழுத முடியாதவன் என்று நாம் ஒதுக்கிவைத்த பையன்தான், அட்டையில் வளைவை வரைந்து ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் அறுக்கிறான்.

கைக்கு மதிப்புத் தரும் வழி

திறமை இருக்கிறது. அதற்குச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாததால் பட்டறையில் கூலியாளாகவே காலம் போகிறது. எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் இதற்காகவே இருக்கிறது. ஐஎல்பி போன்ற அரசுத் தொழிற்பயிற்சிக் கழகங்களில் வாகனத் தொழில்நுட்பம் படித்து அதைப் பெறலாம். ஏற்கெனவே பட்டறையில் பல ஆண்டு வேலை செய்தவர்கள், வகுப்புக்குப் போகாமல் தங்கள் அனுபவத்தை நிரூபித்தே சான்றிதழ் பெறும் பிபிடி என்ற வழியும் உண்டு. இது நம் குடும்பங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆலயங்களும் இளைஞர் மன்றங்களும் கல்வி வழிகாட்டிக் கூட்டம் நடத்துகின்றன. அங்கே மருத்துவம், சட்டம், கணக்கியல் பற்றிப் பேசுகிறோம். காருக்கு அடியில் படுத்துக் கிடக்கும் பையனுக்கு அந்த மண்டபத்தில் நாற்காலி போடுவதில்லை. அடுத்த கூட்டத்தில் ஒரு மணி நேரம் அவனுக்காக ஒதுக்கினால் என்ன?

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகன் முன்வாசலில் தகட்டை அறுத்துக்கொண்டிருந்தால் திட்டாதீர்கள். பக்கத்தில் போய் நின்று, "இதை எதிலே பூட்டப் போறே, தம்பி?" என்று கேளுங்கள். அவன் சொல்லும் பதிலில் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரின் உயிரும் இருக்கிறது, அவனுடைய எதிர்காலமும் இருக்கிறது.