ஹெட்போன் மகத்துவம்

நமது தேனி, கம்பம் பள்ளத்தாக்கு வாலிபர்கள் சிலரிடையே இப்போது ஒரு புது மோகம் பிடித்து வருகிறது. பாட்டுக் கேட்பதற்காகத் தலையில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போனுக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று கொட்டிக் கொடுப்பதும், கையில் பணமில்லாதவர்கள் மாதத் தவணையில் கடன்பட்டு வாங்குவதும், வாங்கியவர்கள் வாங்காதவர்களைப் பார்த்து, "உங்களுக்குப் பாட்டுக் கேட்கவே தெரியவில்லை" என்று பரிதாபப்படுவதுமான காரியங்கள் நடக்கின்றன. பாட்டுக் கேட்பது குற்றமென்றோ, உழைத்துச் சம்பாதித்தவன் தன் சுகத்துக்குச் செலவு செய்யக் கூடாதென்றோ நாம் சொல்ல வரவில்லை. கொடுக்கிற பணத்துக்குக் காதுக்கு வருவது என்ன, கவுரவத்துக்குப் போவது என்ன என்று கணக்குப் பார்க்க வேண்டாமா என்பதுதான் நம் கேள்வி.

வாசகசாலையில் நடந்தது

சென்ற மாதம் போடியில் நமது தோழர்கள் கூடும் வாசகசாலைக்கு, ஏலக்காய் மண்டியில் கணக்கெழுதும் ஓர் இளந்தோழர் 42,000 ரூபாய் விலையுள்ள ஹெட்போன் ஒன்றைக் கொண்டுவந்தார். பதினெட்டு மாதத் தவணையாம். "இதைப் போட்டால் பாடுகிறவர் மூச்சு விடுவதுகூடக் கேட்கும்" என்றார். அங்கிருந்த பெரியவர் ஒருவர், "மூச்சுக்கா தம்பி 42,000? பக்கத்தில் வா, நான் சும்மாவே விடுகிறேன்" என்று சொல்லவும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

சிரிப்பு அடங்கியதும் ஒரு பரீட்சை வைத்தோம். வேறொரு தோழரிடமிருந்த 3,000 ரூபாய் ஹெட்போனையும் வாங்கிக்கொண்டு, ஏழு பேருக்குத் துண்டால் கண்ணைக் கட்டி, இரண்டிலும் சத்தம் ஒரே அளவாக இருக்கும்படி கூடியவரை சரிப்படுத்தி, ஒரே பாட்டைப் போட்டு, எது நன்றாயிருக்கிறது என்று கேட்டோம். நான்கு பேர் மலிவானதைச் சொன்னார்கள். இரண்டு பேர் விலை கூடியதைச் சொன்னார்கள். ஒருவர் வித்தியாசமில்லை என்றார். சொந்தக்காரரோ, "எனக்குத்தான் தெரியுமே, பரீட்சை எதற்கு?" என்று உட்கார மறுத்துவிட்டார். கடைசியில், "உங்கள் காதெல்லாம் இன்னும் பழகவில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏழு பேரைக் கொண்டு செய்த இந்தக் காரியம் விஞ்ஞான ஆராய்ச்சி ஆகிவிடாது என்பது நமக்குத் தெரியும். ஆனால், "உங்கள் காது பழகவில்லை" என்ற அந்தச் சொல்தான் நம்மை இதை எழுதத் தூண்டியது.

கருவி என்பது என்ன?

ஹெட்போனுக்குள் ஒரு காந்தமும், மெல்லிய கம்பிச் சுருளும், அதனோடு ஒட்டிய மெல்லிய தகடும் இருக்கின்றன. பாட்டு மின்சாரமாக வந்து சுருளில் ஓடினால் தகடு அதிர்கிறது. அந்த அதிர்ச்சி காற்றின் வழியாகக் காதில் படுகிறது. பெரும்பாலான ஹெட்போன்களில் உள்ள தெல்லாம் இவ்வளவுதான். 1910இல் அமெரிக்க தேசத்து யூட்டா மாகாணத்தில் நாதனியல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் ஹெட்போன்களைச் செய்து அமெரிக்கக் கடற்படைக்கு விற்றார். சமையலறையில் பிறந்த கருவிக்கு இப்போது கர்ப்பக்கிரகம் கட்டியிருக்கிறார்கள்.

கர்ப்பக்கிரகம் என்று நாம் கேலிக்காகச் சொல்லவில்லை. ஜெர்மனி தேசத்து சென்ஹைசர் கம்பெனியார் 2015இல் ஹெச்.இ.1 என்று ஒரு ஹெட்போனை அறிவித்தார்கள். அப்போது சொன்ன விலை சுமார் 50,000 யூரோ. நம் பணத்தில் சொன்னால் அரைக்கோடி ரூபாயை ஒட்டி வரும். அதன் பீடம் இத்தாலி தேசத்துக் கராரா சலவைக்கல். பொத்தானைத் தொட்டால் முதலில் குமிழ்கள் கல்லுக்குள்ளிருந்து வெளியே வரும். பிறகு எட்டு வெற்றிடக் குழாய்கள் மேலே எழும்பும். பிறகு மூடி தானாகத் திறந்து ஹெட்போன் தரிசனம் கொடுக்கும். மேளமும் கற்பூரமும்தான் பாக்கி. காதில் போட்டுக் கேட்டவர்கள் நன்றாயிருப்பதாகவே சொல்கிறார்கள், நாம் மறுக்கவில்லை. ஆனால் சலவைக்கல் பாடுவதில்லை என்பதையும், அதற்கும் சேர்த்துத்தான் விலை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இந்தக் கருவி வினாடிக்கு 8 அதிர்விலிருந்து 1,00,000 அதிர்வு வரைக்கும் ஒலிக்கும் என்று கம்பெனியார் சொல்கிறார்கள். மனிதன் காதுக்கு எட்டுவதோ வினாடிக்கு 20 முதல் 20,000 வரையில்தான். அதுவும் வாலிப வயதில். வயது ஏற ஏற மேல் அதிர்வுகள் ஒவ்வொன்றாகக் காதை விட்டுப் போகின்றன. ஐம்பது வயதில் பலருக்கு 15,000க்கு மேல் கேட்பதே இல்லை. ஆகவே இவ்வளவு பணம் சேர்த்து வாங்கக்கூடிய வயது வரும்போது அதைக் கேட்கும் காது போய்விடுகிறது. வாங்குகிறவன் மனிதன், கேட்கிறது வவ்வால் என்றால் இது என்ன வியாபாரம்?

ஆராய்ச்சிக்காரர்கள் கண்டது

ஹெட்போன்களுக்குள் வித்தியாசமே இல்லை என்று நாம் சொல்வதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். வித்தியாசம் உண்டு, நன்றாகவே காதுக்குத் தெரியும். ஒன்றில் தவில் தூக்கலாக நிற்கும், ஒன்றில் குரல் முன்னால் நிற்கும், ஒன்றில் எல்லாம் கூச்சலாயிருக்கும். ஆனால் அந்த வித்தியாசம் விலைப்படி வரிசையாக நிற்கிறதா என்பதுதான் கேள்வி. 2017இல் ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆராய்ச்சியாளர் 283 ஹெட்போன்களின் அளவைகளை எடுத்து, எந்தெந்த அதிர்வை எவ்வளவு பலமாக ஒலிக்கின்றன என்பதை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் பத்திரிகையில் எழுதினார். அதாவது, அதிக விலை கொடுத்தால் நல்ல ஒலி வரும் என்பதற்கும், அதிக தட்சிணை கொடுத்தால் நல்ல மோட்சம் வரும் என்பதற்கும் ஆதாரம் ஒரே அளவுதான்.

இனி, "காது பழகவில்லை" என்ற சங்கதியைப் பார்ப்போம். ஷான் ஆலிவ் என்பவரும் அவருடைய சகாக்களும் கனடா, அமெரிக்கா, ஜெர்மனி, சீனா ஆகிய நான்கு தேசங்களில் பலவயதுக்காரர்களை உட்கார வைத்து, எந்தக் கம்பெனி, என்ன விலை என்று தெரியாதபடி வெவ்வேறு ஒலியமைப்புகளைக் கேட்கச் செய்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்ற காதுக்காரர்களும் பயிற்சியே இல்லாதவர்களும், இந்த தேசத்தாரும் அந்த தேசத்தாரும், பெரும்பாலும் ஒரே ஒலியமைப்பையே நல்லதென்றார்கள். பயிற்சி பெற்றவர்கள் தடுமாறாமல் ஒரே மாதிரி சொன்னார்கள் என்பது மெய். ஆனால் அவர்களுக்கு ஒரு ருசி, மற்றவர்களுக்கு ஒரு ருசி என்று இருக்கவில்லை. காதில் மேல்சாதிக் காது, கீழ்சாதிக் காது என்று கிடையாது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தோழர்களே! "உனக்கு அதிகாரம் இல்லை, உனக்குப் புரியாது, நான் சொல்வதை நம்பு" என்ற வார்த்தையை நாம் எத்தனையோ காலமாகக் கேட்டு வந்திருக்கிறோம். அதை ஒழிக்கவே நாம் இவ்வளவு பாடுபட்டோம். இப்போது அதே வார்த்தை பூணூலைக் கழற்றி வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு வருகிறது. அப்படி வந்தால் மட்டும் அதற்கு நாம் தலை குனிய வேண்டுமா?

ஒரு மண்டலம் கழித்துப் பலன்

இன்னும் சில புரட்டுகளையும் சொல்ல வேண்டும். "வாங்கியவுடன் தெரியாது, நூறு மணி நேரம் ஓடவிட வேண்டும், அப்புறம்தான் ஒலி கனியும்" என்கிறார்கள். தாயத்துக் கட்டுகிறவனும் ஒரு மண்டலம் கழித்துத்தான் பலன் தெரியும் என்கிறான். நூறு மணி நேரத்தில் கனிகிறது பெரும்பாலும் ஹெட்போன் அல்ல. அதற்குள் அந்த ஒலிக்கு நம் காது பழகிவிடுகிறது. திருப்பிக் கொடுக்கும் கெடுவும் தாண்டிவிடுகிறது.

அதன்பிறகு, "சாதாரணப் பதிவு இதற்குப் போதாது, உயர்தரப் பதிவு வேண்டும்" என்று வேறு செலவு இழுத்துவிடுகிறார்கள். சி.டி. தட்டில் ஒலியை வினாடிக்கு 44,100 தடவை அளந்து வைக்கிறார்கள்; மனிதக் காதின் எல்லை முழுவதும் அதிலேயே அடங்கிவிடும். 2007இல் அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர், உயர்தரத் தட்டையும், அதையே சி.டி. அளவுக்குக் குறைத்ததையும் மாற்றி மாற்றிப் போட்டு, 554 தடவை பரீட்சித்தார்கள். சரியாகச் சொன்னது 276 தடவை. காசைச் சுண்டிப் போட்டுத் தலையா பூவா என்று சொல்லியிருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவு சரியாக வந்திருக்கும்!

நம் பள்ளத்தாக்கையே பாருங்கள். பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா 1976இல் அன்னக்கிளி படத்துக்கு இசையமைத்தபோது, அந்தப் பாட்டுகளை இங்குள்ளவர்கள் கேட்டது தேநீர்க்கடை ரேடியோவிலும், கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கியிலும்தான். ஏற்றுக்கொண்டார்களா இல்லையா? காந்த நாடாவில் பதிந்த அந்தப் பாட்டை இன்று லட்ச ரூபாய்க் கருவியில் கேட்டாலும், நாடாவில் உள்ளதுதான் வரும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

எதற்குக் கொடுக்கலாம்?

எல்லாவற்றையும் மலிவாகவே வாங்கு என்பது நம் உபதேசமல்ல. நூறு, இருநூறு ரூபாய்க்கு வாங்கினால் மூன்று மாதத்தில் கம்பி அறுந்துபோகும், அதுவும் நஷ்டமே. காது நோகாமல் இருப்பது, உறுதி, தேய்ந்த பஞ்சும் கம்பியும் மாற்றிக்கொள்ளக் கிடைப்பது, பஸ் இரைச்சலைத் தடுப்பது ஆகியவற்றுக்குச் சில ஆயிரம் கொடுப்பது நியாயம். சோனி கம்பெனியாரின் எம்.டி.ஆர். 7506 என்னும் ஹெட்போன் 1991 முதல் உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் அன்றாட வேலைக்குப் பயன்பட்டு வருகிறது. அதன் விலை அமெரிக்காவில் சுமார் 100 டாலர்தான். பாட்டைப் பதிவு செய்கிறவனுக்குப் போதுமானது, கேட்கிறவனுக்குப் போதாதா? அதற்கு மேலே போகப்போக விலை ஏணி வைத்து ஏறுகிறது. ஒலியோ ஒரு படி ஏறினால் அதிகம், சில சமயம் இறங்கியும் விடுகிறது. பணம் மிஞ்சிக் கிடக்கிறவர் தெரிந்தே ஆசைக்கு வாங்கினால் அது அவர் இஷ்டம். கடன் வாங்கி வாங்குகிறவருக்குத்தான் நாம் எச்சரிக்கை செய்கிறோம்.

மற்றொன்று. எந்த விலைக்கு வாங்கினாலும் சத்தத்தைக் குறைத்துக் கேளுங்கள். 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் கேட்பது காதுக்கு ஆபத்து என்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் சொல்கிறார்கள். ஹெட்போன் போனால் வேறு வாங்கலாம். உள்காதின் நுண்மயிர் அணுக்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

கடைசியாக, அந்த மண்டித் தோழருக்கு ஒரு வார்த்தை. தம்பி, உங்கள் மண்டியில் ஏலக்காயை எப்படி வாங்குகிறீர்கள்? சாம்பிளைக் கையில் கொட்டி, சல்லடையில் சலித்து, பச்சை நிறம் பார்த்து, ஒரு லிட்டர் காய் எத்தனை கிராம் நிற்கிறதென்று நிறுத்துப் பார்த்த பிறகுதானே விலை கேட்கிறீர்கள்? "இது உயர்ந்த காய், உங்களுக்குத் தெரியாது, பணத்தைக் கொடுங்கள்" என்று எந்த விவசாயியாவது சொன்னால் மூட்டையை இறக்க விடுவீர்களா? முதலாளியின் பணத்துக்கு அவ்வளவு பரீட்சை செய்கிற நீங்கள், உங்கள் சொந்தப் பதினெட்டு மாத உழைப்புக்கு ஒரு பரீட்சை செய்ய மறுத்தீர்களே, ஏன்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசகசாலைக்கு மறுபடி வாருங்கள். விலைச் சீட்டை மறைத்து வைத்து நான்கைந்து ஹெட்போன்களை வரிசையாகக் கேட்போம். மார்க் போட்ட பிறகே விலையைத் திறந்து பார்ப்போம். உங்களுடையது ஜெயித்தால் இந்தப் பத்தியிலேயே ஒப்புக்கொள்கிறோம். தோற்றால் உங்களைக் கேலி செய்ய மாட்டோம். அடுத்த வாலிபர் ஒருவர் தவணைச் சீட்டில் கையெழுத்துப் போடுமுன் நீங்களே அவரிடம் சொன்னால் போதும்.