நாற்பதுக்குப் பின் கொன்ராக்ற் லென்ஸ்: பழகுவதற்குக் காலம் கொடுங்கள்

நாற்பது வயதைத் தாண்டியவர்களை எமது சமூக நிகழ்வுகளில் இலகுவாக அடையாளம் காணலாம். அழைப்பிதழைக் கையை நீட்டிப் பிடித்து வாசிப்பார்கள். கைத்தொலைபேசியில் எழுத்தைப் பெரிதாக்குவார்கள். மருந்துப் போத்தலைப் பிள்ளையிடம் நீட்டி, "இதிலை எத்தனை தரம் எண்டு போட்டிருக்கு, ஒருக்கா பார்" என்பார்கள். இதற்குத் தமிழில் வெள்ளெழுத்து என்று பெயர். எழுத்து வெளிறித் தெரிவதை அப்படியே சொல்லும் சொல் அது. தமிழகத்தில் சாளேசரம் என்றும் சொல்வதுண்டு. நாற்பதைக் குறிக்கும் இந்திச் சொல்லோடு தொடர்புடைய பெயர் என்பதால், அந்தப் பெயரிலேயே வயதும் இருக்கிறது.

வெள்ளெழுத்து ஒரு நோயல்ல. எமது கண்ணுக்குள் இயற்கையாகவே ஒரு வில்லை இருக்கிறது. இளவயதில் அது மென்மையானது. கிட்டப் பார்க்கும்போது கண்ணின் உள்தசை சுருங்க, வில்லை தடித்துக் குவிகிறது. வயது போகப் போக வில்லை விறைப்படைகிறது. தசை வேலை செய்தாலும் வில்லை முன்போல் வளைந்து கொடுப்பதில்லை. நாற்பதுகளின் தொடக்கத்தில் தெரியவரும் இந்த மாற்றம் அறுபது வயது வரை கூடிக்கொண்டு போகும். ஏற்கனவே தூரப் பார்வைக்குக் கண்ணாடி அணிபவர்களுக்குச் சிரமம் இரட்டிப்பு. தூரத்துக்கு ஒரு கண்ணாடி, வாசிக்க இன்னொன்று, கணினிக்கு மற்றொன்று என்று மூன்று கண்ணாடிகளைத் தேடித் திரிய வேண்டிவருகிறது.

இந்த நிலையில்தான் தூரமும் கிட்டவும் தெரியக்கூடிய கொன்ராக்ற் லென்ஸ் பற்றி எம்மிடம் பலர் கேட்கிறார்கள். காரணங்கள் நியாயமானவை. முகக்கவசம் போட்டு முதியோர் பராமரிப்பு நிலையங்களில் வேலை செய்பவர்களுக்குக் கண்ணாடி புகார் பிடிக்கிறது. மாசி மாதக் குளிருக்குள் இருந்து பேருந்துக்குள் ஏறினாலும் அதே கதைதான். உணவகச் சமையலறையில் நிற்பவர்களுக்கு நீராவி. நடனம் பழக்கும் ஆசிரியைகளுக்குக் கண்ணாடி நழுவும் தொல்லை.

எமது கருத்து இதுதான்: இந்த லென்ஸ் நல்லதொரு தெரிவு. ஆனால் அது ஒரு சமரசம் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குபவர்களுக்கே அது பயன்படுகிறது. இருபது வயதுக் கண் திரும்பக் கிடைக்கும் என்று நம்பி வாங்குபவர்கள் முதல் வாரத்திலேயே "இது எனக்குச் சரிவராது" என்று சொல்லி, பெட்டியை லாச்சிக்குள் போட்டுவிடுகிறார்கள். பணம் போவது ஒரு நட்டம். அந்தச் சலிப்பில் அடுத்த கண் பரிசோதனைக்கே போகாமல் விடுவது அதைவிடப் பெரிய நட்டம்.

மூன்று வழிகள்

முதலாவது, இரண்டு கண்ணுக்கும் தூரப் பார்வைக்கான லென்ஸ் போட்டு, வாசிக்கும்போது மட்டும் மேலே வாசிப்புக் கண்ணாடி அணிவது. இது எளிமையானது, மலிவானது, தூரப் பார்வையும் தெளிவாக இருக்கும். கண்ணாடியே வேண்டாம் என்பவர்களுக்கு இது பிடிப்பதில்லை.

இரண்டாவது, மொனோவிஷன். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றக் கண்ணைக் கிட்டவும் சரிசெய்வது. பொதுவாக ஆதிக்கம் கூடிய கண்ணைத் தூரத்துக்கு விடுவார்கள். வலக்கை, இடக்கைப் பழக்கம் போலக் கண்ணிலும் ஒன்று முந்திக்கொள்ளும். இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, விரல்களால் ஒரு சிறு துவாரம் அமைத்து, அதனூடாகத் தூரத்தில் உள்ள மணிக்கூட்டைப் பாருங்கள். பின்னர் ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணால் பார்க்கும்போது மணிக்கூடு துவாரத்துக்குள்ளேயே நிற்கிறதோ, அதுவே ஆதிக்கக் கண். மொனோவிஷனில் இழப்பது ஆழத்தைக் கணிக்கும் திறனில் ஒரு பங்கு. படி இறங்கும்போதும், குவளையில் தேநீர் ஊற்றும்போதும் முதல் நாட்களில் இது தெரியும்.

மூன்றாவது, மல்ரிஃபோக்கல் லென்ஸ். ஒரே லென்ஸில் தூரத்துக்கும் கிட்டவுமான பகுதிகள் வளையங்களாக அமைந்திருக்கும். குனிந்து கீழ்ப்பகுதியால் வாசிக்கும் பைஃபோக்கல் கண்ணாடி போன்றதல்ல இது. இரண்டு பிம்பங்களும் ஒரே நேரத்தில் கண்ணுக்குள் போகின்றன. எது தேவையோ அதை எடுத்துக்கொண்டு மற்றதைப் புறக்கணிக்க மூளை பழக வேண்டும். வெளிச்சம் குறைந்த இடத்தில் கண்மணி விரிவதால், விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டமும் நிழல் போன்ற இரட்டைப் பிம்பமும் தெரியலாம்.

பழகுவது கண் அல்ல, மூளை

இலங்கையில் வீதியின் இடப்பக்கமாக வாகனம் ஓட்டிப் பழகிய நாங்கள் இங்கு வந்து வலப்பக்கமாக ஓட்டப் பழகினோம். முதல் வாரம் ஒவ்வொரு சந்தியிலும் யோசித்தோம். சில மாதங்களில் யோசிப்பதே நின்றுவிட்டது. லென்ஸுக்குப் பழகுவதும் அப்படியானதே. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று வாரங்கள் போதும். சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூடத் தேவைப்படும். ஒரு சிலருக்கு எவ்வளவு முயன்றாலும் ஒத்துவராது. அது அவர்களுடைய குறையல்ல.

முதல் நாளே காலை முதல் இரவு வரை அணியாதீர்கள். சில மணி நேரத்தில் தொடங்கி, பரிசோதகர் சொன்னபடி நாளுக்கு நாள் கூட்டுங்கள். ஒரு கண்ணை மூடி மற்றதைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அப்படிச் செய்தால் குறைதான் தெரியும். இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்ய விடுங்கள். வாசிக்கும் இடத்தில் நல்ல வெளிச்சம் வையுங்கள். மிக முக்கியமாக, ஓரிரு வாரங்களில் தரப்படும் மீள்பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். லென்ஸின் வலுவைச் சற்று மாற்றினாலே பலருடைய பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

லென்ஸ் போட்ட புதிதில் இரவில் 401 நெடுஞ்சாலையில் இறங்க வேண்டாம். பகலில், தெரிந்த தெருக்களில் ஓட்டிப் பாருங்கள். மொனோவிஷன் அணிபவர்கள், கிட்டப் பார்வைக்கு விடப்பட்ட கண்ணையும் தூரத்துக்குச் சரிசெய்யும் ஒரு மேலதிகக் கண்ணாடியைச் செய்வித்து வாகனத்தில் வைத்திருக்கலாம். பார ஊர்தி, பேருந்து, டாக்ஸி ஓட்டுபவர்களும், ஏணியில் ஏறி வேலை செய்பவர்களும் தங்கள் தொழிலைப் பரிசோதகரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவர்களுக்கு மொனோவிஷன் பெரும்பாலும் பொருத்தமான தெரிவல்ல.

சுத்தத்தில் சமரசம் இல்லை

மென்மையான லென்ஸை உலகுக்குத் தந்தவர் செக் நாட்டு இரசாயனவியலாளர் ஒட்டோ விக்டெர்லே. 1961ஆம் ஆண்டு நத்தார் காலத்தில், பிராக் நகரில் தனது வீட்டில், சிறுவர்களின் பொருத்து விளையாட்டுப் பாகங்களைக் கொண்டு அமைத்த இயந்திரத்தில் அவர் அவற்றை வார்த்தெடுத்தார். அதற்குப் பின் லென்ஸ் எவ்வளவோ முன்னேறிவிட்டது. ஆனாலும் கண்ணின் மேற்பரப்பில் தங்கும் ஒரு அந்நியப் பொருள் என்ற நிலை மாறவில்லை. 2006இல் ஹொங்கொங், சிங்கப்பூர், அமெரிக்கா ஆகிய இடங்களில் லென்ஸ் அணிந்தவர்களுக்குப் பூஞ்சணத்தால் கருவிழித் தொற்று ஏற்பட்டது. அதனுடன் தொடர்புபடுத்தப்பட்ட ஒரு லென்ஸ் கழுவும் திரவம் அவ்வாண்டு மே மாதம் உலகெங்கும் மீளப்பெறப்பட்டது.

லென்ஸுடன் நித்திரை கொள்வது கருவிழித் தொற்று ஏற்படும் வாய்ப்பைப் பல மடங்கு கூட்டுகிறது. இரவு வேலை முடிந்து களைப்போடு வந்தாலும் கழற்றிவிட்டே படுக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவவே கூடாது. குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் வாழக்கூடிய அகந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியைக் கடுமையாகப் பாதிக்கும். ஊருக்குப் போய்க் கிணற்றடியில் குளிக்கும்போதும், கடலில் இறங்கும்போதும் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். இங்கே ஷவரில் நிற்கும்போதும் அதே விதிதான். பச்சை மிளகாய் வெட்டிய கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் காரம் எளிதில் போவதில்லை. ஆகவே லென்ஸைப் போட்டுக்கொண்ட பிறகு சமையலைத் தொடங்குங்கள்; மிளகாய் வெட்டும்போது கையுறை அணியுங்கள். கண்மை பூசுபவர்கள் லென்ஸைப் போட்ட பின்னரே பூச வேண்டும்.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் இருந்தால் உடனே லென்ஸைக் கழற்றுங்கள். வீட்டில் கிடக்கும் பழைய சொட்டு மருந்தை விட வேண்டாம். அன்றைக்கே கண் பரிசோதகரிடமோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ செல்லுங்கள். நாளை பார்ப்போம் என்று விடுவது பார்வையையே பறிக்கலாம்.

மாதவிடாய் நிற்கும் வயதுப் பெண்களுக்கும், ஒவ்வாமை மாத்திரை எடுப்பவர்களுக்கும் கண் வறட்சி அதிகம். ரொறன்ரோவின் பனிக்காலத்தில் வீட்டுச் சூடேற்றி காற்றை மேலும் உலர்த்துகிறது. இவர்கள் லென்ஸ் வாங்க முன்னர் வறட்சிக்குச் சிகிச்சை பெற வேண்டும். தினமும் புதிதாகப் போட்டு எறியும் லென்ஸ் இவர்களில் பலருக்குப் பொருந்தும்.

பரிசோதனையே முதல் இலாபம்

2004 நவம்பர் 1 முதல், 20 வயதுக்கும் 64 வயதுக்கும் இடைப்பட்டவர்களின் வழமையான கண் பரிசோதனைக்கு ஒன்ராறியோ அரசின் ஓஹிப் காப்புறுதி பணம் கொடுப்பதில்லை. அன்றிலிருந்து எம்மவர்கள் பலர் கண் பரிசோதனையையே மறந்துவிட்டார்கள். டொலர் கடையில் ஒரு வாசிப்புக் கண்ணாடி வாங்கினால் காரியம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். வாசிக்க அது உதவலாம். ஆனால் கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது. கண் அழுத்த நோயான குளுக்கோமா வலியில்லாமல் பார்வையின் ஓரங்களைத் தின்றுகொண்டு வரும். நீரிழிவு விழித்திரையைப் பாதிக்கத் தொடங்கும்போதும் எந்த அறிகுறியும் தெரியாது. தெற்காசியர்களாகிய எம்மிடையே நீரிழிவு அதிகம் என்பது எல்லோரும் அறிந்ததே.

பலருக்குத் தெரியாத விடயம் ஒன்று உண்டு. நீரிழிவு, குளுக்கோமா போன்ற குறிப்பிட்ட நோய்கள் உள்ளவர்களுக்கு இந்த வயதிலும் ஆண்டுக்கொரு தடவை கண் பரிசோதனைக்கு ஓஹிப் பணம் கொடுக்கிறது. லென்ஸ் பொருத்தும் செலவு அதில் அடங்காது, பரிசோதனை அடங்கும். இன்னுமொன்று: இரத்தத்தில் சீனி ஏறி இறங்கும் காலத்தில் கண் வில்லையின் வலுவும் மாறும். அப்போது எடுக்கும் அளவு ஒரு மாதத்தில் பிழைத்துவிடும். சீனியைக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்த பின்னர் அளவெடுப்பதே சரி.

கண்ணாடிக்கான அளவுத் துண்டை வைத்துக்கொண்டு இணையத்தில் லென்ஸ் வாங்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். லென்ஸின் வளைவும் விட்டமும் உங்கள் கருவிழிக்குப் பொருந்த வேண்டும். அதை நேரில் பார்த்துத்தான் தீர்மானிக்கலாம். பின்னாளில் கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் போகும்போது, உள்ளே வைக்கும் வில்லையிலும் மொனோவிஷனா மல்ரிஃபோக்கலா என்ற இதே கேள்வி வரும். உள்ளே வைத்ததை லென்ஸ் போலக் கழற்றி எறிய முடியாது. இன்று லென்ஸில் பழகிப் பார்த்தவர்களுக்கு அன்றைக்கு விடை தெரிந்திருக்கும்.

லென்ஸ் ஒத்துவராவிட்டால் கண்ணாடி அணிவதில் வெட்கம் ஏதுமில்லை. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்களிடம் நடத்தி 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், சாதாரண வாசிப்புக் கண்ணாடி பெற்றவர்கள் பறித்த கொழுந்து, பெறாதவர்களோடு ஒப்பிடும்போது சுமார் 22 வீதம் கூடியது. கிட்டப் பார்வை என்பது வாசிப்பு மட்டுமல்ல, கை செய்யும் வேலையும்தான். மலையகத்தில் கொழுந்து பறிப்பவருக்கும், ஸ்காபரோ தொழிற்சாலையில் திருகாணி முடுக்குபவருக்கும், வீட்டில் இன்சுலின் அளவை ஊசியில் பார்த்து ஏற்றுபவருக்கும் அது ஒன்றே.

ஆகவே, கண்ணாடியோ லென்ஸோ, தெரிவு உங்களுடையது. இந்த மாதத்துக்குள் கண் பரிசோதனைக்கு நாள் எடுங்கள். நீரிழிவு இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். லென்ஸ் விருப்பமென்றால் முதலில் மாதிரி லென்ஸ் கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள். அதற்கு மூன்று வாரம் கொடுங்கள். அதன் பிறகு முடிவெடுங்கள்.