அம்மாவுக்குப் புழுங்குது!

என் மச்சினன் ஜாதகத்தில் வீட்டு யோகமும் வாகன யோகமும் ஒரே கட்டத்தில் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். போன வருஷம் ஒரு பழைய டெம்போ டிராவலரை வாங்கினான். ஸீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, இரண்டு கட்டில், ஒரு ஸ்டவ், பேட்டரியில் ஓடும் குட்டி ஏ.ஸி. எல்லாம் வைத்து, வீடாக்கிவிட்டான்.

"வீட்டு வரி கிடையாது மாமா. மாடி வீட்டுக்காரன் தண்ணி ஊத்துற சண்டையும் கிடையாது" என்றான். டீஸல் செலவைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. சொந்தக்காரர்களுக்குள் அந்த நாகரிகம்கூட இல்லாவிட்டால் எப்படி?

வைகாசியில் அப்பா திதி. ராமேஸ்வரத்தில் கொடுப்பதென்று முடிவாகி, முதல் நாள் காலையில் மதுரையிலிருந்து கிளம்பினோம். நான், மச்சினன், எழுபத்திரண்டு வயது அம்மா. நான்காவதாக ஒரு ஆசாமி: மச்சினன் புதிதாக வாங்கிய எலெக்ட்ரானிக் தெர்மாமீட்டர். வண்டிக்குள் நம்பர் காட்டும் பெட்டி, வெளியே சென்ஸார், நடுவில் மூன்று மீட்டர் வயர்.

"வெளியே சூடுன்னா ஏ.ஸி., குளிர்ச்சின்னா ஜன்னல். இனிமே எல்லாம் சயின்ஸ்தான் மாமா!"

சயின்ஸ் பரமக்குடியில் ஆரம்பித்தது. சென்ஸாரை முன்பக்க கிரில்லுக்குள், ரேடியேட்டருக்குப் பக்கத்தில் செருகியிருந்தான். டீக்கடையில் நிறுத்தினோம். டீ வருவதற்குள் 45. குடித்து முடிப்பதற்குள் 51. அம்மா பயந்துபோய் முந்தானையால் தலையை மூடிக்கொண்டார். வண்டி கிளம்பியதும் மளமளவென்று 38க்கு இறங்கியது.

ராமநாதபுரத்தில் இடம் மாற்றினான். கூரைமேல் டேப் போட்டு ஒட்டினான். 54! "இது சூரியனோட டெம்ப்ரேச்சர்டா" என்றேன். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மண்டபத்தில் வண்டிக்கு அடியில் படுத்து, நிழலாக ஓர் இடம் பார்த்து சென்ஸாரைக் கட்டினான். கல், மண் தெறிக்காமல் இருக்கட்டும் என்று தன் பழைய பனியனில் ஒரு துண்டு கிழித்துச் சுற்றினான்.

பாம்பன் ரோடு பாலத்தில் ஏறும்போது பெட்டி 28 காட்டியது.

"பாத்தீங்களா? கடல் வந்திருச்சுல்ல!" என்றான். கொடைக்கானலைக் கண்டுபிடித்தவன் மாதிரி முகம்.

பக்கத்திலேயே ரயில் பாலம். 1914ல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோனது. புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் ஒரு காற்றுமானி இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும். ரயில் பாலத்தில் ஏறாது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ரயிலையே கடல் கொண்டுபோன பூமி அல்லவா? அந்தக் காற்றுமானியை ஸ்டேஷன் மாஸ்டர் ரூமில் வைக்கவில்லை. காற்று அடிக்கிற பாலத்தில் வைத்தார்கள். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பகல் இரண்டு மணிக்கு ராமேஸ்வரம். அம்மாவுக்கு முட்டிவலி. "நீங்க வண்டியிலேயே இருங்க அத்தை. வெளியே வெறும் 28. ஏ.ஸி.யை அணைச்சா பேட்டரி ராத்திரிக்கு மிச்சம்" என்று மச்சினன் இரண்டு ஜன்னலைப் பாதி திறந்து வைத்தான். புரோகிதரைப் பார்த்துப் பேசிவிட்டு அரை மணியில் வருவதாகச் சொல்லிப் போனோம். ராமேஸ்வரத்தில் எந்த அரை மணி அரை மணியாக இருந்திருக்கிறது? ஒண்ணேகால் மணி நேரம்.

திரும்பி வந்தால் வண்டிக் கதவு திறந்து கிடக்கிறது. அம்மாவைக் காணோம்.

எதிரே சங்கு, சோழி விற்கிற கடையின் நிழலில் பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள். புடவை தொப்பலாக நனைந்திருந்தது. கண் சொருகியிருந்தது. கடைக்கார அம்மா ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்து, அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"படிச்ச ஆளுக மாதிரி இருக்கீக... வயசான மனுஷியத் தகர டப்பாக்குள்ள விட்டுட்டுப் போவீகளா? படியில தலை சுத்தி உக்காந்துட்டாக. நான் பாக்கலைன்னா?"

பதில் இல்லை. ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடினோம். டிரிப்ஸ் ஏறி, ஒரு மணி நேரம் கழித்து அம்மா பேசினார். முதலில் சொன்னது இதுதான்:

"ரொம்பப் புழுங்குச்சுடா. ஆனா அந்தப் பொட்டி 28ன்னே காட்டுது. சரி, எனக்குத்தான் ஏதோ தப்பாத் தோணுதுன்னு பேசாம உக்காந்திருந்தேன்."

இதை இப்போது எழுதும்போதும் எனக்குக் கை ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறது.

ஊர் திரும்பியதும் ஆபீஸ் நண்பரிடம் சொன்னேன். பிசிக்ஸ் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு லோன் ஃபைல் தள்ளிக்கொண்டிருக்கும் ஜீவன். "அந்த பனியன் துணி நனைஞ்சிருந்ததா?" என்றார்.

நனைந்துதான் இருந்தது. ஏ.ஸி.யிலிருந்து தண்ணீர் சொட்டும் குழாய்க்கு நேர் கீழே கட்டியிருந்தான் மகராசன்.

"உங்க மச்சினன் தெரியாமலே ஈரக் குமிழ் தெர்மாமீட்டர் செஞ்சிருக்கார் ஸார்!"

விளக்கினார். பேப்பரில் 'பாம்பன்' என்று போட்டு ஒரு டிகிரி வருகிறதே, அதை அளக்கும் விதம் இது: கோழிக்கூண்டு மாதிரி ஒரு வெள்ளை மரப்பெட்டி. சுற்றிலும் இரட்டை மரச் சட்டங்கள். காற்று போகும், வெயில் போகாது. தரையிலிருந்து சுமார் நாலடி உயரம். கதவு வடக்குப் பார்த்து இருக்கும். வாஸ்து அல்ல, திறந்து ரீடிங் எடுக்கும்போது வெயில் படக்கூடாது என்பதற்காக. 1864ல் இதை வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன். ஸ்காட்லாந்துக் கலங்கரை விளக்க என்ஜினீயர். 'டிரஷர் ஐலண்ட்' எழுதியவரின் அப்பா.

அந்தப் பெட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டர் சும்மா இருக்கும். இன்னொன்றின் குமிழில் ஈர மஸ்லின் துணி சுற்றியிருக்கும். ஈரம் ஆவியாகும்போது சூடு குறையும். பானைத் தண்ணீர் குளிர்கிற அதே சங்கதி. இரண்டுக்கும் வித்தியாசம் நிறைய என்றால் காற்று வறட்சி. வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழியும், ஆனால் காயாது.

"நம்ம உடம்பும் ஈரத்துணி கட்டின தெர்மாமீட்டர்தான் ஸார். ஈரக் குமிழே 35ஐத் தொட்டா, நல்ல திடகாத்திரமான ஆளே நிழலில் சும்மா உட்கார்ந்தாலும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டான்னு கணக்கு. வயசானவங்களுக்கு அதுக்கு ரொம்ப முன்னாலயே ஆபத்து. சும்மா குமிழில் 32 டிகிரி, காற்றில் 80 சதவிகித ஈரம் இருந்தா, அமெரிக்க வானிலைக்காரர்கள் அட்டவணையில் உடம்புக்கு 45 மாதிரி."

ஆக, அந்த 28 பொய்யில்லை. ரேடியேட்டர் பக்கத்தில் ரேடியேட்டரின் சூடு, கூரையில் தகரத்தின் சூடு, ஈர பனியனில் ஈர பனியனின் சூடு. வைத்த இடத்தின் சூட்டை மட்டும் அது யோக்கியமாகச் சொன்னது. (எங்கள் ஆபீஸிலும் ஒருவர் ஏ.ஸி. ரூமில் உட்கார்ந்து, "ஸ்டாஃபெல்லாம் ஹாப்பியாத்தானே இருக்காங்க?" என்பார். அவரும் பொய் சொல்வதில்லை.)

அடுத்த ஞாயிறு மச்சினனும் நானும் வேலையில் இறங்கினோம். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற வெள்ளை பிளாஸ்டிக் தட்டு ஆறு வாங்கி, கவிழ்த்து, விரல்கடை இடைவெளி விட்டு அடுக்கினோம். மேல் தட்டு மட்டும் முழுசு. மற்றதில் நடுவே ஓட்டை. அதற்குள் சென்ஸார். வண்டியின் பின்பக்கம், சைலன்ஸருக்கும் ஏ.ஸி.க்கும் எதிர் மூலையில், நெஞ்சு உயரத்தில், தகரத்தைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிக் கம்பியில் மாட்டினோம். வயர் உள்ளே நுழையும் முன் கீழே ஒரு வளைவு. மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஓட்டைக்கு ஸிலிகான். உப்புக்காற்றுக்கு சாதா ஸ்க்ரூ துருப்பிடிக்கும் என்பதால் எவர்சில்வர் ஸ்க்ரூ. கூடவே ஈரப்பதம் காட்டும் ஒரு மீட்டரும் வந்து சேர்ந்தது.

ஆடி அமாவாசைக்கு மறுபடி ராமேஸ்வரம். முதலில் சங்குக் கடைக்குத்தான் போனோம். அந்த அம்மாவுக்கு அம்மா ஒரு சுங்குடிப் புடவை வாங்கி வைத்திருந்தார்.

வண்டியில் மச்சினன் பெருமையாக அறிவித்தான்: "வெளியே 33, ஈரப்பதம் 70. இது கரெக்ட் அத்தை!"

அம்மா பெட்டியின் பக்கமே திரும்பவில்லை.

"அது கெடக்கட்டும். எனக்குப் புழுங்குது. ஏ.ஸி.யைப் போடு."

போட்டான்.