ஓரடிக் கண்ணாடிக்குள் கடல் அடங்காது

"முதன்முதலாகக் கடல்நீர்த் தொட்டி வைக்கிறீர்களா? சிறியதாகத் தொடங்குங்கள். கைப்பழகிய பின் பெரிதாக்கிக்கொள்ளலாம்." இந்த அறிவுரையை நான் கேட்காத வண்ணமீன் கடை இல்லை. ஓசூர் சாலையின் இருமருங்கிலும் அடுக்ககங்கள் எழுந்துகொண்டிருக்கும் சந்தாபுராவிலும் இப்போது அதே பேச்சுதான். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் ஓரடியான கண்ணாடிக் கனசதுரம், அதன்மேல் 'நேனோ' என்றொரு சீட்டு, உள்ளே இரண்டு கோமாளி மீன்கள். பிள்ளைகள் அவற்றை 'நீமோ' என்று அழைத்துக் கண்ணாடியில் கைவைத்தால் வியாபாரம் முடிந்தது. நீர்வேதியியலில் ஆய்வு செய்பவன் என்ற முறையில், அந்த அறிவுரை தவறு என்பதோடு தீங்கானதும் கூட என்று இங்கே வெளிப்படையாக எழுதுகிறேன். உட்பெட்டியில் தனித்தனியே பதில் சொல்லிச் சலித்துவிட்டது.

அறிவுரை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். நன்னீர் மீன் வளர்ப்பில் அதற்கு ஓரளவு பொருள் உண்டு. 'ஃபைட்டர்' என்று நாம் வாங்கும் மீனின் முன்னோர் வயல்களிலும் தேங்கிய குட்டைகளிலும் வாழ்ந்தவை. மழை பெய்தால் நீர் மாறும், வெயிலடித்தால் வற்றும், சூடேறும். அத்தகைய வாழ்வுக்கு அவற்றின் உடல் பழகியிருக்கிறது. பவளத்திட்டு மீனுக்கு அப்படியோர் அனுபவம் இல்லை. அது வாழும் கடலில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. நேற்றும் அதே, நாளையும் அதே. மாறாமையே அதன் வீடு. எந்த அளவுத் தொட்டியில் அந்த மாறாமையை ஒரு புதியவரால் காக்க முடியும் என்பதே கேள்வி. மேசையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது அதற்குப் பின்னால் வருவது.

கணக்கைப் பாருங்கள். ஓரடிக் கனசதுரத்தின் கொள்ளளவு 28 லிட்டர். மணலும் கல்லும் மேல்விளிம்பு இடைவெளியும் போக, உண்மையில் நிற்கும் நீர் இருபதைச் சற்றே தாண்டும். மூன்றடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரம் உள்ள தொட்டி 191 லிட்டர் கொள்ளும். கழிவு போக 160 லிட்டர் நிற்கும். ஒரே அளவு உணவு மிஞ்சி இரண்டிலும் அழுகுகிறது என்று வையுங்கள். சிறியதில் சேரும் அம்மோனியாவின் செறிவு பெரியதில் சேர்வதைப்போல் ஏழு மடங்கு. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கடைக்காரர் அதைச் சொல்வதில்லை, பலருக்குத் தெரிவதும் இல்லை. கடல்நீரின் காரகாடித்தன்மை 8.1 முதல் 8.3 வரை இருக்கும். நடுநிலை நன்னீரில் உள்ளதைக் காட்டிலும், அங்கே அம்மோனியாவின் நச்சு வடிவம் எடுக்கும் பங்கு பத்து மடங்குக்கும் மேல். நன்னீர்த் தொட்டியில் மீன் சற்றே சோர்ந்து பிழைத்துக்கொள்ளும் அதே தவறு இங்கே ஒரே இரவில் செவுளைச் சுட்டுவிடும்.

ஆவியாதலையும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பெரிய தொட்டியை ஆதரிப்பவர்கள்கூட இதைப் பிழையாகவே விளக்குகிறார்கள். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே நீர்மட்டம் தாழத் தாழ உப்பு ஏறும். இதில் காப்பது கொள்ளளவைவிட ஆழமே. பரப்பு அகன்றால் ஆவியாகும் நீரும் கூடுமல்லவா? நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். பெங்களூரின் வறண்ட மார்ச்சில், மின்விசிறியின்கீழ், அது மிகையான ஊகம் இல்லை. பொங்கலுக்கோ தேர்த் திருவிழாவுக்கோ நான்கு நாள் ஊருக்குப் போய்த் திரும்புகிறீர்கள். 27 சென்டிமீட்டர் ஆழத்தில் தொடங்கிய சிறு தொட்டியில் உப்பு 35-இலிருந்து 38-ஐ நெருங்கியிருக்கும். 42 சென்டிமீட்டர் ஆழமுள்ளதில் 37-ஐயும் எட்டியிருக்காது. எனவே நீளமாகவும் தட்டையாகவும் இருக்கும் 'அழகுத் தொட்டி'களை, லிட்டர் கணக்கை மட்டும் காட்டி விற்றாலும் வாங்காதீர்கள்.

"நான் முப்பது லிட்டரில் மூன்றாண்டாக வைத்திருக்கிறேன்" என்று யாராவது பின்னூட்டத்தில் எழுதுவார் என்பது தெரியும். வைத்திருக்கலாம். நாள்தோறும் நீரைச் சோதித்து, ஆவியான அளவைத் துளித்துளியாக ஈடுசெய்து, மீனின் மூச்சை எண்ணத் தெரிந்தவர் அவர். கழைக்கூத்தாடி கயிற்றின்மேல் நடக்கிறார் என்பதற்காக, நடை பழகும் குழந்தையைக் கயிற்றில் ஏற்றிவிடுவோமா? சிறு தொட்டி தேர்ந்தவரின் விளையாட்டு. அதைத் தொடக்கநிலை என்று பெயர் சூட்டி விற்பதுதான் மோசடி.

விலைக் கணக்கும் பாதி உண்மைதான். கண்ணாடியும் உப்பும் குறையும், மற்றவை குறையா. உப்பளவு காட்டும் கருவி, அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் சோதனைப் பொருள்கள், வெப்பமாக்கி, மின்தடையின்போது ஓடும் மின்கல ஊதுகுழாய் இவையெல்லாம் 28 லிட்டருக்கும் வேண்டும், 191 லிட்டருக்கும் வேண்டும். இவை எதுவும் இல்லாமல் தொட்டியையும் மீனையும் மட்டும் கட்டிக்கொடுத்தால் விலை மலிவாகத்தான் தெரியும்.

மீதி விலையைச் செலுத்துவது கடல். நன்னீர் வண்ணமீன்களில் பெரும்பங்கு பண்ணைகளில் பிறந்தவை. சென்னைக் கொளத்தூர்ச் சந்தையைச் சுற்றி வந்தவர்களுக்கு அது தெரியும். கடல் வண்ணமீன்களில் பெரும்பாலானவை இன்றும் பவளத்திட்டுகளில் பிடிக்கப்படுபவை. சில நாடுகளில் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கும் கொடுமையும் பல பத்தாண்டுகளாகத் தொடர்கிறது. சிறு தொட்டியில் ஒரு மீன் இறந்தால் கடைக்காரர் சிரித்த முகத்தோடு இன்னொன்று தருகிறார். அந்த இன்னொன்றும் ஏதோவொரு திட்டிலிருந்து குறைந்ததுதான். 'கற்றுக்கொள்ளும் செலவு' என்று நாம் எளிதாகச் சொல்லிக் கடப்பது இதைத்தான். 2017 மே மாதம் நடுவண் அரசு வெளியிட்ட மீன்தொட்டிக் கடை விதிகள், கிண்ணத்தில் மீனை வைத்துக் காட்டுவதைத் தடுத்தன. வணிகர்களின் எதிர்ப்புக்குப் பின் அவை திரும்பப் பெறப்பட்டன. அவ்விதிகளில் குறைகள் பல இருந்தன என்பதை ஒப்புகிறேன். கிண்ணம் பற்றிய அந்த ஒரு விதியையாவது தக்கவைத்திருக்கலாம்.

அப்படியானால் 'பெரிதினும் பெரிது' என்று முழங்கும் மறுதரப்புக்கு நான் கட்சி மாறிவிட்டேனா? இல்லை. நான்கடி, இரண்டடி, இரண்டடி என்று 453 லிட்டர்த் தொட்டியைப் புதியவர் தலையில் கட்டுவோர் சந்தாபுராவை அறியாதவர்கள். மெரினாவில் 1909-இல் திறந்த மீன் காட்சியகத்துக்கு எதிரிலேயே கடல் இருந்தது. நமக்கோ கிழக்கே கடல் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரை ஆர்ஓ வடிகட்டியில் விட்டு, அதில் உப்புக் கலவை கரைத்துத்தான் கடலைச் செய்கிறோம். ஒரு லிட்டர் தூயநீருக்கு இரண்டு, மூன்று லிட்டர் கழிவாகப் போகிறது. பதினைந்து நாளுக்கொருமுறை நீர் மாற்றுவதும் ஆவியானதை ஈடுசெய்வதும் சேர்ந்து, மூன்றடித் தொட்டிக்கு மாதம் நூறு லிட்டரைச் சற்றே தாண்டும் தூயநீர் வேண்டும். நான்கடித் தொட்டிக்கு இருநூறுக்கும் மேல். 2024 கோடையில் டேங்கர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்த ஊரில் இருநூறு லிட்டர் தூயநீருக்காக ஐந்நூறு லிட்டரைக் கொட்டுவதை என்னால் நியாயப்படுத்த முடியாது. மூன்றடியின் கழிவுநீரையாவது தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் முழுமையாகப் பயன்படுத்திவிடலாம். (சந்தாபுரா ஏரி கெட்டதற்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் விதித்தது. வாசலில் இருந்த நீர்நிலையைக் காக்கத் தெரியாத நாம் வரவேற்பறையில் கடலமைக்கப் புறப்பட்டிருக்கிறோம் என்ற கேலியையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.)

எடையும் உண்டு. நான்கடித் தொட்டி நீர், கண்ணாடி, கல், தாங்கி எல்லாம் சேர்ந்து 600 கிலோவைத் தாண்டும். குடியிருப்பு அறைகளின் தளத்துக்கு இந்தியத் தரநிலை கருதும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ. அது அறை முழுவதும் பரவியதாகக் கொண்ட கணக்கு. ஆகவே ஓரிடத்தில் கூடுதல் சுமை வைத்த உடனே தளம் இடிந்துவிடாது. ஆனால் எந்த உத்திரம் எங்கே ஓடுகிறது என்று தெரியாத வாடகை வீட்டில், பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவர் அந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். மூன்றடித் தொட்டி முழு எடையோடும் 300 கிலோவை ஒட்டி நிற்கும். சுவரோரமாக, உத்திரத்தின் மேலாக வைக்கலாம். வீடு மாறும்போது வெறுந்தொட்டியை இருவர் தூக்கிவிடுவார்கள். நான்கடியை நால்வர் சேர்ந்தே தூக்க வேண்டும். மின்தூக்கிக்குள் போகுமா என்பது வேறு கேள்வி.

எனவே என் விடை: மூன்றடி, ஒன்றரையடி, ஒன்றரையடி. அதற்குக் குறைந்து முதல் தொட்டி வேண்டாம்; அதற்கு மிகுந்தும் இப்போதைக்கு வேண்டாம். அதில் ஓர் இணை கோமாளி மீன், பழகிய பின் இன்னும் இரண்டு சிறு மீன்கள், அவ்வளவே. படத்தில் கண்ட நீல 'டோரி' முப்பது சென்டிமீட்டர் வரை வளரும். அதை இதில் விடுவது யானைக்குட்டியைத் திண்ணையில் கட்டுவது போன்றது. பவளம் வேண்டவே வேண்டாம். 2001 முதல் பவளங்களும் கடற்குதிரைகளும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. 'உயிர்க்கல்' என்று விற்கப்படும் பவளத் துண்டும் அந்த வலைக்குள் வரும். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து ஆசைப்படுவோர் இதை மனத்தில் கொள்க. நுண்ணுயிரிகள் குடியேறச் சுட்ட பீங்கான் கற்களே போதும். அவை குடியேறி அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றத் தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் வாங்காதீர்கள். அந்த ஆறு வாரம் வெறும் நீரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை இல்லாதவருக்கு எந்த அளவுத் தொட்டியும் பொருந்தாது.

மூன்றடிக்கு இடமோ பணமோ இல்லையென்றால்? நன்னீர்த் தொட்டி வையுங்கள். அதில் எந்தத் தாழ்வும் இல்லை.

கடைக்காரர்களிடம் ஒரு கோரிக்கை. விலைச்சீட்டில் இரண்டு வரி கூடுதலாக எழுதுங்கள்: இந்த மீன் முழு வளர்ச்சியில் எத்தனை சென்டிமீட்டர், இது பண்ணையில் பிறந்ததா கடலில் பிடித்ததா. மண்டபத்தில் உள்ள கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்திலும் பரங்கிப்பேட்டையிலும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரித்து வளர்க்கும் முறைகளைத் தேர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே 'கிடைக்கவில்லை' என்ற சாக்கு செல்லாது. வாங்குவோர் அந்த இரண்டு வரியைக் கேளுங்கள். சொல்ல மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். தொட்டி ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், உட்புற நீளம், அகலம், நீர்மட்ட உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பின்னூட்டத்தில் இடுங்கள். எத்தனை லிட்டர், எத்தனை மீன் என்று கணக்கிட்டுச் சொல்கிறேன்.